தரவு சிதையாமல் காக்கும் குறியீடுகள்: தேர்வு முதல் சோதனை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கோப்பை வட்டில் எழுதி வைப்பதும் அதைக் கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ அனுப்புவதும் கணிதத்தின் பார்வையில் ஒரே செயல்தான். முதலாவதில் தரவு எழுதிய நாளிலிருந்து படிக்கும் நாளுக்குப் பயணிக்கிறது. இரண்டாவதில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பயணிக்கிறது. இரண்டு பயணங்களிலும் சில பிட்டுகள் மாறிவிடும், சில காணாமல் போகும். அப்படி நேர்ந்ததைக் கண்டறிவதற்கும் இயன்றவரை திருத்துவதற்கும், தரவிலிருந்தே கணக்கிட்டு அதனுடன் சேர்க்கப்படும் கூடுதல் பிட்டுகளை எவ்வாறு அமைப்பது என்பதை ஆராயும் துறையே குறியீட்டுக் கோட்பாடு.

நிரல் எழுதத் தெரிந்த, ஆனால் இக்கோட்பாட்டை முறையாகப் பயிலாத ஒருவர் தம் சேமிப்புக்கோ தகவல் பரிமாற்றத்துக்கோ பொருத்தமான குறியீட்டைத் தேர்ந்தெடுத்து, அமைத்து, சோதிப்பதற்கு இந்த வழிகாட்டி உதவும். பள்ளியில் படித்த மட்டு எண்கணிதம் நினைவில் இருந்தால் போதும். வழிநெடுகத் திரும்பத் திரும்ப வரவிருக்கும் ஓர் உண்மையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பிழை எந்த இடத்தில் நேர்ந்தது என்பது தெரிந்திருந்தால், அதைத் திருத்த ஆகும் செலவு பாதியாகிறது. நம்பகமான சேமிப்பு அமைப்புகளின் வலிமையில் பெரும்பங்கு இந்த உண்மையைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்வதிலிருந்தே வருகிறது.

படி 1: பிழையின் இயல்பை அறிதல்

குறியீட்டைத் தேடுவதற்கு முன் பிழையைப் படிக்க வேண்டும். நினைவகத்தில் பெரும்பாலும் தனித்தனி பிட்டுகள் புரளுகின்றன. குறுந்தகட்டில் ஒரு கீறல் அடுத்தடுத்த ஆயிரக்கணக்கான பிட்டுகளை ஒரே வீச்சில் கெடுக்கிறது. இதைக் கொத்துப் பிழை என்போம். இணையத்தில் ஒரு பாக்கெட் முழுதாக வந்து சேர்கிறது, அல்லது வராமலே போகிறது. வன்தட்டில் ஒரு பகுதியைப் படிக்க முடியவில்லை என்று தட்டே அறிவிப்பதுண்டு. எதையும் அறிவிக்காமல் தவறான தரவை நல்ல தரவுபோலத் தருவதும் உண்டு. இவற்றுள் கடைசியாகச் சொன்னதே மிகவும் ஆபத்தானது. ஏனெனில் அது கெட்டுப்போன கோப்பு அடுத்தடுத்த காப்புப் பிரதிகளிலும் சத்தமின்றிப் பரவ இடம் தருகிறது.

இந்த வகைகளைப் பிரித்த பிறகு அளவை மதிப்பிடுங்கள். 1948-இல் கிளாட் ஷானன் வெளியிட்ட கட்டுரை, தரவு செல்லும் ஒவ்வொரு வழித்தடத்துக்கும் ஒரு கொள்ளளவு, அதாவது அனுப்பும் ஒவ்வொரு பிட்டிலும் நம்பகமாகக் கொண்டுசெல்லக்கூடிய தகவலின் உச்ச அளவு, உண்டு என்றும், அந்தக் கொள்ளளவுக்குக் கீழே எந்த வேகத்தில் அனுப்பினாலும் பிழையை விரும்பிய அளவுக்குக் குறைக்கக்கூடிய குறியீடு இருக்கிறது என்றும் நிறுவியது. ஆயிரத்துக்கு ஒரு பிட் புரளும் வழித்தடத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 0.989. அதாவது நீண்ட குறியீடுகளைப் பயன்படுத்தினால், கோட்பாட்டளவில் 100 பிட் தரவுக்குச் சேர்க்க வேண்டிய கூடுதல் ஒன்றேகால் பிட்டுக்கும் குறைவு. ஒவ்வொரு பிட்டையும் மும்முறை எழுதிப் பெரும்பான்மையை ஏற்கும் எளிய முறையோ 200 பிட்டுகளைக் கூடுதலாகச் செலவிட்ட பிறகும், பத்து லட்சத்துக்கு மூன்று பிட்டுகளைத் தவறவிடுகிறது. ஷானன் அத்தகைய குறியீடு உண்டு என்று மட்டுமே நிறுவினார். அதைக் கட்டியெழுப்பும் வழியைக் காண அடுத்த அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

படி 2: மறுபடி கேட்க முடியுமா என்று பார்த்தல்

பெறுநர் அனுப்புநரிடம் திரும்பக் கேட்கக்கூடிய நிலையில் இருந்தால், பிழையைக் கண்டறிந்தாலே போதும். திருத்துவதற்குப் பதிலாக மீண்டும் அனுப்பச் சொல்லலாம். வலைத்தளங்களும் கோப்புப் பரிமாற்றமும் இப்படித்தான் இயங்குகின்றன. கேட்க முடியாத சூழலில் திருத்தும் ஆற்றல் தரவுடனே பயணிக்க வேண்டும். 1989-இல் நெப்டியூனைக் கடந்த வாயேஜர் 2 விண்கலம் அனுப்பிய சமிக்ஞை பூமியை அடைய நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தகைய தொலைவில் மறுபடி கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. சேமிப்பும் இதே வகையைச் சேர்ந்ததே. பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய கோப்பை, எழுதியவரிடம் மீண்டும் கேட்க இயலாது.

படி 3: ஹேமிங் குறியீட்டைக் கையால் போட்டுப் பார்த்தல்

இந்தப் படியைத் தாளும் எழுதுகோலும் கொண்டு செய்யுமாறு வேண்டுகிறேன். பின்னால் வரும் அனைத்துக்கும் தேவையான உள்ளுணர்வு இதில் கிடைக்கும். பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹேமிங் 1950-இல் வெளியிட்ட இக்குறியீடு நான்கு தரவுப் பிட்டுகளுக்கு மூன்று பாரிட்டி பிட்டுகளைச் சேர்த்து ஏழு பிட்டுகளாக்குகிறது.

இடங்களை 1 முதல் 7 வரை எண்ணிடுங்கள். 1, 2, 4 ஆகியவை பாரிட்டிக்கு. 3, 5, 6, 7 ஆகியவை தரவுக்கு. தரவு 1011 எனில், 3-ஆம் இடத்தில் 1, 5-இல் 0, 6-இல் 1, 7-இல் 1 அமரும். முதல் பாரிட்டி 1, 3, 5, 7 ஆகிய இடங்களிலுள்ள ஒன்றுகளின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்க வேண்டும். எனவே அது 0. இரண்டாவது 2, 3, 6, 7 ஆகிய இடங்களைக் கவனிக்கிறது, அது 1. மூன்றாவது 4, 5, 6, 7 ஆகியவற்றைக் கவனிக்கிறது, அது 0. முழுக் குறிச்சொல் 0110011.

இப்போது 6-ஆம் பிட்டைப் புரட்டுங்கள்: 0110001. மூன்று சோதனைகளையும் மீண்டும் செய்தால் முதலாவது சரியாக வருகிறது, 2-ஆம் இடத்துச் சோதனையும் 4-ஆம் இடத்துச் சோதனையும் தவறுகின்றன. தவறிய சோதனைகளின் எண்களைக் கூட்டினால் 2 + 4 = 6. பிழை நேர்ந்த இடத்தைச் சோதனைகளே எண்ணாகச் சொல்லிவிடுகின்றன. இக்கோட்பாட்டில் இதைவிட அழகான தொடக்கம் வேறில்லை என்பது என் கருத்து.

ஆனால் இங்கே நின்றுவிடாதீர்கள். 3-ஆம் பிட், 6-ஆம் பிட் இரண்டையும் புரட்டிப் பாருங்கள்: 0100001. இம்முறை 1-ஆம், 4-ஆம் சோதனைகள் தவறுவதால் விடை 5 என்று வரும். திருத்தும் நிரல் அந்த 5-ஆம் பிட்டையும் புரட்டி, 0101 என்ற முற்றிலும் வேறான தரவை எவ்வித எச்சரிக்கையுமின்றித் தரும். தன் திறனுக்கு மீறிய பிழையைச் சந்திக்கும் குறியீடு சும்மா இருப்பதில்லை. நல்லதையும் சேர்த்துக் கெடுக்கிறது.

காரணம் ஹேமிங் தொலைவு என்னும் அளவில் இருக்கிறது. இரு குறிச்சொற்கள் எத்தனை இடங்களில் வேறுபடுகின்றன என்பதே அவற்றுக்கிடையேயான தொலைவு. இக்குறியீட்டில் மிகக் குறைந்த தொலைவு 3. ஆகவே ஒரு பிழையைத் திருத்தலாம், அல்லது திருத்த முயலாமல் இரண்டு பிழைகளைக் கண்டறியலாம். எட்டாவதாக ஒட்டுமொத்தப் பாரிட்டி பிட் ஒன்றைச் சேர்த்தால் தொலைவு 4 ஆகிறது. அப்போது ஒரு பிழையைத் திருத்துவதோடு, இரண்டு பிழைகள் நேர்ந்தால் திருத்த முடியாது என்று அறிவிக்கவும் முடியும். சர்வர்களின் நினைவகத்தில் 64 பிட் தரவுக்கு 8 பிட் சேர்த்து 72 பிட்டாக வைப்பது இந்த வகையின் நீட்சியே.

படி 4: கண்டறியும் அடுக்கை அமைத்தல்

வெறும் கூட்டுத்தொகையைச் சரிபார்ப்பாக வைப்பது போதாது. இணையத்தில் தரவைக் கொண்டுசெல்லும் டிசிபி நெறிமுறையின் 16 பிட் கூட்டுத்தொகை, இரண்டு 16 பிட் துண்டுகள் இடம் மாறிக்கொண்டால் அதை உணராது. ஈதர்நெட் பயன்படுத்தும் சிஆர்சி-32 தரவைப் பல்லுறுப்புக் கோவையாகக் கருதி, நிலையான இன்னொரு கோவையால் வகுத்து, மீதியை எடுத்துக்கொள்கிறது. 32 பிட் நீளத்துக்குட்பட்ட எந்தக் கொத்துப் பிழையும் இதிலிருந்து தப்பாது. தரவு கண்டபடி சிதைந்திருந்தால் அது கண்ணில் படாமல் தப்பும் வாய்ப்பு ஏறத்தாழ 429 கோடியில் ஒன்று.

சிஆர்சி-32 நிரலை நீங்களே எழுதினாலும் நூலகத்திலிருந்து எடுத்தாலும், 123456789 என்னும் ஒன்பது எழுத்துகளைக் கொடுத்து விடை 3421780262 என்று வருகிறதா எனப் பாருங்கள். ஒரே வகுக்கும் கோவையைக் கொண்டிருந்தும் தொடக்க மதிப்பிலும் பிட் வரிசையிலும் வேறுபடும் பல வகைகள் புழக்கத்தில் உள்ளதால் இந்த ஒரு சோதனை மிகுந்த குழப்பத்தைத் தவிர்க்கும். யாரேனும் வேண்டுமென்றே தரவை மாற்றக்கூடும் என்ற ஐயம் இருந்தால் சிஆர்சி உதவாது. அங்கே ஷா-256 போன்ற மறையியல் ஹாஷ் தேவை, அந்த ஹாஷும் மாற்ற முடியாத இடத்தில் இருக்க வேண்டும்.

கோப்பைத் தொகுதிகளாகப் பிரித்து எழுதி, ஒவ்வொரு தொகுதிக்குமான சிஆர்சியைக் கணக்கிடும்போது தரவுடன் கோப்பின் அடையாளத்தையும் தொகுதியின் வரிசை எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வட்டு ஒரு தொகுதியைத் தவறான இடத்தில் எழுதிவிட்டால், அந்தத் தொகுதி தன்னளவில் குறையற்றதாகவே இருக்கும். வரிசை எண் சேராவிட்டால் பிழை தெரியவராது. இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை ஒவ்வொரு தொகுதியின் சரிபார்ப்பு எண்ணையும் அத்தொகுதியிலேயே வைக்காமல், அதைச் சுட்டும் மேல் தொகுதியில் வைப்பது இதே நோக்கத்துக்காகத்தான்.

படி 5: ரீட்–சாலமன் குறியீட்டால் இழப்பை மீட்டல்

1960-இல் இர்விங் ரீடும் கஸ்டவ் சாலமனும் முன்வைத்த குறியீடு பிட்டுகளைத் தனித்தனியாகப் பார்க்காமல், அவற்றைத் தொகுத்து எண்களாகக் கையாளுகிறது. இருபடிக் கோவை ஒன்றின் மதிப்பு எவையேனும் மூன்று புள்ளிகளில் தெரிந்தால், அந்தக் கோவையை முழுமையாக மீட்டுவிடலாம் என்ற எளிய உண்மையே இதன் அடித்தளம்.

மட்டு 11-இல் ஓர் எடுத்துக்காட்டைச் செய்வோம். தரவு 2, 5, 3 என்ற மூன்று எண்கள். இவற்றைக் கெழுக்களாகக் கொண்டு 2 + 5இ + 3இ² என்ற கோவையை அமைத்து, இ-க்கு 1, 2, 3, 4, 5 என்ற மதிப்புகளைக் கொடுங்கள். கிடைப்பவை 10, 2, 0, 4, 3. இவற்றை ஐந்து வட்டுகளில் ஒவ்வொன்றாக எழுதுகிறோம்.

முதல் வட்டும் மூன்றாம் வட்டும் பழுதாகிவிட்டன என்று கொள்வோம். எஞ்சியிருப்பவை இரண்டாம் புள்ளியில் 2, நான்காம் புள்ளியில் 4, ஐந்தாம் புள்ளியில் 3. தெரியாத கெழுக்களை அ, ஆ, ஈ என்று வைத்தால், மட்டு 11-இல் மூன்று சமன்பாடுகள் கிடைக்கின்றன: அ + 2ஆ + 4ஈ = 2; அ + 4ஆ + 5ஈ = 4; அ + 5ஆ + 3ஈ = 3. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் 2ஆ + ஈ = 2. மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஆ = 2ஈ − 1. இதை முன்னதில் பொருத்தினால் 5ஈ = 4. மட்டு 11-இல் 5-இன் நேர்மாறு 9 என்பதால் ஈ = 36, அதாவது 3. அதிலிருந்து ஆ = 5, அ = 2. இழந்த தரவு முழுவதும் மீண்டுவிட்டது. எந்த இரு வட்டுகள் போனாலும் இதே முறை பலிக்கும்.

நடைமுறையில் பைட்டுகளைக் கையாள 256 உறுப்புகள் கொண்ட முடிவுறு களத்தை, அதாவது கூட்டல் முதல் வகுத்தல் வரை எல்லா விடைகளும் அந்த 256 மதிப்புகளுக்குள்ளேயே அடங்கும் எண் அமைப்பைப் பயன்படுத்துகிறார்கள். அதில் கூட்டல் என்பது பிட்வாரியான எக்ஸ்-ஆர். பெருக்கலுக்கு மடக்கை அட்டவணை ஒன்றைத் தயாரித்து வைத்துக்கொள்ளலாம். மேலும், தரவை அப்படியே வைத்துவிட்டுக் கூடுதல் தொகுதிகளை மட்டும் கணக்கிடும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். எதுவும் கெடாத நாள்களில் எந்தக் கணக்கும் இல்லாமல் தரவைப் படிக்கலாம். களத்தை வரையறுக்கும் கோவையில் கவனம் தேவை. கியூஆர் குறியீடு பயன்படுத்தும் கோவையின் கெழுக்களைப் பிட்டுகளாகக் கொண்டு எண்ணாக எழுதினால் 285. ஏஇஎஸ் மறையாக்கத்தினுடையது 283. விண்வெளித் தகவல் தொடர்புக்கான தரம் கொள்வது 391. ஒன்றுக்கு எழுதிய அட்டவணை இன்னொன்றுக்குப் பொருந்தாது.

படி 6: பிழையை இழப்பாக மாற்றுதல்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். ரீட்–சாலமன் குறியீட்டில் கூடுதல் குறிகளின், அதாவது கூடுதலாகச் சேர்த்த எண்களின், எண்ணிக்கையை வரம்பாகக் கொண்டால், இடம் தெரியாத ஒவ்வொரு பிழையும் அந்த வரம்பில் இரண்டைச் செலவழிக்கிறது; இடம் தெரிந்த இழப்பு ஒன்றை மட்டுமே செலவழிக்கிறது. வாயேஜர் யுரேனஸிலிருந்தும் நெப்டியூனிலிருந்தும் தரவை அனுப்பியபோது பயன்பட்ட குறியீட்டில் 223 பைட் தரவுக்கு 32 பைட்டுகள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. இத்தகைய குறியீடு இடம் தெரியாத 16 பைட் பிழைகளை, அல்லது இடம் தெரிந்த 32 இழப்புகளைத் தாங்கும். ஓர் எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு சமன்பாடும், அது எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க இன்னொரு சமன்பாடும் தேவைப்படுவதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

எனவே படி 4-இல் அமைத்த சிஆர்சியைப் படி 5-இன் குறியீட்டுடன் இணையுங்கள். ஒவ்வொரு தொகுதியையும் படித்தவுடன் சிஆர்சியைச் சரிபார்த்து, பொருந்தாத தொகுதியைக் கெட்டது என்று குறித்து, அதிலுள்ள தரவை நம்பாமல் முழுதாக இழந்ததாகவே கருதுங்கள். நான்கு பைட் சிஆர்சி உங்கள் திருத்தும் ஆற்றலை இரட்டிப்பாக்குகிறது. திருத்தும் நிரலும் மேலே கண்ட சமன்பாடுகளைத் தீர்ப்பது போல் எளிதாகிவிடுகிறது. 1982-இல் சந்தைக்கு வந்த குறுந்தகடு இதையே செய்கிறது. அதிலுள்ள இரண்டு அடுக்குக் குறியீடுகளுள் உள் குறியீடு தன்னால் திருத்த முடியாத பகுதிகளுக்குக் கொடி காட்டுகிறது. வெளிக் குறியீடு அவற்றை இடம் தெரிந்த இழப்புகளாக ஏற்று மீட்கிறது.

இந்த இணைப்பு இல்லாத அமைப்பின் குறையை, தரவையும் அதற்கான பாரிட்டியையும் பல வட்டுகளில் பிரித்து வைக்கும் ரெய்டு 5 முறையில் காணலாம். வட்டு தானாகவே பழுதை அறிவித்தால் அதன் எக்ஸ்-ஆர் பாரிட்டி இழந்ததைச் சரியாக மீட்டுத்தரும். ஆனால் எல்லா வட்டுகளும் நலமென்று அறிவித்திருக்கும் நிலையில் பாரிட்டி பொருந்தாமல் போனால், எந்த வட்டு பொய் சொல்கிறது என்பதை அதனால் கூற இயலாது.

படி 7: கொத்துப் பிழைகளைப் பரப்புதல்

எட்டு ஹேமிங் குறிச்சொற்களை எட்டு வரிசைகளாக எழுதி, நெடுக்கு வாக்கில் படித்து அனுப்புங்கள். வழியில் அடுத்தடுத்த எட்டு பிட்டுகள் கெட்டாலும், பெறுநர் மீண்டும் வரிசையாக அடுக்கும்போது ஒவ்வொரு சொல்லிலும் ஒரு பிட் மட்டுமே கெட்டிருக்கும். ஒவ்வொன்றும் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும். கூடுதல் பிட் எதுவும் தேவையில்லை. தாமதமும் இடைக்கால நினைவகமும் மட்டுமே விலை. குறுந்தகடு ஏறத்தாழ 4000 பிட் நீளமுள்ள, அதாவது 2.5 மில்லிமீட்டர் அளவிலான கீறலை முழுமையாகத் திருத்துவது இந்தப் பரப்புதலால்தான்.

படி 8: அளவுகளைத் தீர்மானித்தலும் தொகுதிகளை இடம் பிரித்து வைத்தலும்

மூன்று பிரதிகளை வைத்தால் இரண்டு இழப்புகளைத் தாங்கலாம். கூடுதல் இடம் 200 விழுக்காடு. ஆறு தரவுத் தொகுதிகளுக்கு மூன்று கூடுதல் தொகுதிகளை வைத்தால் மூன்று இழப்புகளைத் தாங்கலாம். கூடுதல் இடம் 50 விழுக்காடு மட்டுமே. பெருந்தரவைப் பல கணினிகளில் பிரித்துச் சேமிக்கும் ஹடூப் 3 மென்பொருள் வழங்கும் தேர்வுகளில் இதுவும் ஒன்று. ஆனால் ஒரு தொகுதியை மீட்க ஆறு தொகுதிகளைப் படிக்க வேண்டியிருப்பதால் வலைப்பின்னலின் சுமை கூடும். மைக்ரோசாஃப்டின் மேகச் சேவையான அஸூர் இதற்கு ஒரு வழி கண்டது: 12 தரவுத் தொகுதிகளை ஆறாறாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் உள்ளூர்ப் பாரிட்டியும் மொத்தத்துக்கு இரண்டு பொதுப் பாரிட்டியும் வைத்தால், ஒரு தரவுத் தொகுதியின் இழப்பை ஆறு தொகுதிகளைக் கொண்டே சரிசெய்யலாம்; கூடுதல் இடமோ மூன்றில் ஒரு பங்குதான். அடிக்கடி மாறும் சிறிய கோப்புகளுக்குப் பிரதிகளே மேல் என்பதும், எழுதியபின் மாறாத பெரிய கோப்புகளுக்கே இக்குறியீடுகள் பொருந்தும் என்பதும் என் மதிப்பீடு.

இக்கணக்குகள் எல்லாம் வட்டுகள் ஒன்றையொன்று சாராமல் பழுதாகும் என்ற அனுமானத்தில் நிற்கின்றன. மேலே கண்ட ஆறு–மூன்று அமைப்பின் ஒன்பது தொகுதிகளையும் ஒரே மின் இணைப்பிலுள்ள ஒரே பெட்டியில் வைத்தால் அந்த அனுமானம் பொய்க்கும். ஒரே உற்பத்தித் தொகுப்பைச் சேர்ந்த வட்டுகளைத் தவிருங்கள்; இயன்றால் வெவ்வேறு கட்டடங்களில் பிரித்து வையுங்கள்.

தரவைச் சுருக்குவதும் மறையாக்குவதும் உண்டென்றால், முதலில் சுருக்கி, அடுத்து மறையாக்கி, கடைசியாகவே திருத்தும் குறியீட்டைச் சேர்க்க வேண்டும். சுருக்கிய கோப்பில் ஒரு பிட் புரண்டாலும் அதற்குப் பின்வரும் பகுதி முழுவதும் பயனற்றுப்போகலாம் என்பதால், பாதுகாப்பு எப்போதும் வெளி அடுக்காக இருக்க வேண்டும்.

வானலை வழியே அனுப்புவோருக்கு ஒரு குறிப்பு. அங்கே பெறுநருக்குக் கிடைப்பது தெளிவான 0 அல்லது 1 அன்று; ஒவ்வொன்றும் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்ற மதிப்பும் கிடைக்கிறது. அந்த மதிப்பைப் பயன்படுத்தும் எல்டிபிசி, போலார் வகைக் குறியீடுகள் ஷானன் வரம்பை மிக நெருங்குகின்றன. முன்னதை ராபர்ட் கல்லேகர் 1960-களின் தொடக்கத்திலேயே கண்டறிந்திருந்தார். இன்று 5ஜி தொலைபேசியில் தரவுக்கு எல்டிபிசியும் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு போலார் குறியீடும் பயன்படுகின்றன. இவற்றை நீங்களே எழுத முயலாமல், நன்கு சோதிக்கப்பட்ட நூலகங்களை நாடுங்கள்.

படி 9: வேண்டுமென்றே கெடுத்துச் சோதித்தல்

மீட்கும் நிரல் அன்றாடம் இயங்குவதில்லை; ஆகவே அதிலுள்ள தவறு பேரிழப்பு நேரும் நாளன்றுதான் வெளிப்படும். ஆறு–மூன்று அமைப்பில் மூன்று தொகுதிகளை இழக்கும் விதங்கள் 84, இரண்டை இழக்கும் விதங்கள் 36, ஒன்றை இழக்கும் விதங்கள் 9. மொத்தம் 129 விதங்களையும் விடாமல் சோதிக்கலாம். கணினிக்கு அது நொடிப்பொழுதின் வேலை. பிறகு நான்கு தொகுதிகளை நீக்கி, மீட்க முடியவில்லை என்று நிரல் வெளிப்படையாகச் சொல்கிறதா என்று பாருங்கள். ஹேமிங் எடுத்துக்காட்டில் கண்டதுபோல், திறனை மீறும்போது தவறான விடையைச் சரியென்று தரும் நிரல் திருத்தாத நிரலைவிடத் தீங்கானது. இதனால்தான் மீட்ட பின்பும் முழுக் கோப்பின் ஹாஷை ஒருமுறை ஒப்பிட வேண்டும்.

படி 10: தொடர்ந்து படித்துச் சரிபார்த்தல்

நீண்ட காலமாகப் படிக்கப்படாத தொகுதியில் பிழை தங்கியிருந்தால், இன்னொரு வட்டு பழுதாகி அதை மீட்க முயலும்போதுதான் அது தெரியவரும். சாதாரண வன்தட்டுகளின் தகவல் தாள்கள் பலவற்றில், படிக்க இயலாத பிழைக்கான வரம்பு 10¹⁴ பிட்டுகளுக்கு ஒன்று என்று குறிப்பிடப்பட்டிருக்கும், அது 12.5 டெராபைட் மட்டுமே. இன்றைய பெரிய வட்டுகளைக் கொண்ட தொகுப்பில் ஒரு வட்டை மீட்கும்போதே அந்த அளவைப் படித்துவிடுவோம் என்பதால், ஒற்றைப் பாரிட்டியை மட்டும் நம்புவது துணிச்சலான செயல். எனவே எல்லாத் தொகுதிகளையும் குறித்த இடைவெளியில் முழுதாகப் படித்து, சிஆர்சியைச் சரிபார்த்து, கெட்டதை உடனே மீட்டு எழுதும் பணியைத் தானாக இயங்கும்படி அமையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கண்ட பிழைகளின் எண்ணிக்கையைப் பதிவுசெய்து வந்தால், எந்த வட்டு நலிகிறது என்பது முன்கூட்டியே தெரியும்.

இறுதியாக, சேமித்த தரவின் அருகிலேயே எளிய உரைக் கோப்பு ஒன்றில் தொகுதியின் அளவு, தரவுத் தொகுதிகளின் எண்ணிக்கை, கூடுதல் தொகுதிகளின் எண்ணிக்கை, களத்தை வரையறுக்கும் கோவை, மதிப்பிடும் புள்ளிகள், சிஆர்சியின் வகை, தொகுதிகளின் வரிசை ஆகியவற்றை எழுதி வையுங்கள். இந்தக் கோப்பு மிகச் சிறியது என்பதால் இதற்குக் குறியீடு ஏதும் தேவையில்லை. ஒன்பது வட்டுகளிலும் ஒவ்வொரு பிரதியை வைத்துவிடலாம். உங்கள் நிரல் இயங்காத ஒரு காலத்தில் வேறொருவர் இந்த விவரங்களைக் கொண்டு மீட்கும் நிரலைப் புதிதாக எழுதிக்கொள்ள முடியும்.